அரச கம்பஸ், தனியார் கம்பஸ், வேலையோடு படிப்பு: எது ஆளை மாற்றுகிறது?

உயர்தரப் பெறுபேறு வந்தால் கொழும்பின் வெள்ளவத்தையில் இரண்டு கிழமைக்கு வேறு பேச்சில்லை. "இசட் ஸ்கோர் என்ன? எந்தக் கம்பஸ் கிடைக்கும்? கிடைக்காவிட்டால் எங்கே சேர்க்கப் போறீங்கள்?" கட்டணம் எவ்வளவு, வெளிநாட்டில் அந்தப் பட்டம் செல்லுமா, முடித்ததும் என்ன சம்பளம் என்று பெற்றோர் துருவித் துருவி விசாரிப்பார்கள். ஆனால் பத்தொன்பது வயதில் உள்ளே போகும் பிள்ளை இருபத்துமூன்றில் எப்படிப்பட்ட ஆளாக வெளியே வரும் என்பதை மட்டும் கடவுளிடம் விட்டுவிடுவார்கள். நான் இங்கே ஒப்பிடப் போவது அதைத்தான்.

கொழும்பில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள். முதலாவது அரச பல்கலைக்கழகம். தகுதி பெறுவோரிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அதில் இடம். இரண்டாவது, காசு கட்டிப் படிக்கும் இடங்கள்: மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.டி., ஹோமாகமவில் என்.எஸ்.பி.எம்., வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பிக்கும் ஐ.ஐ.டி. மூன்றாவது, வேலையோடு படிப்பு: நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்து சார்ட்டட், அல்லது சீமா போன்ற கணக்கியல் தகுதி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு எதைக் கொடுக்கவில்லையோ, அதைக் கொடுக்கும் இடம்தான் பிள்ளையை வளர்க்கும். அதனால்தான் ஒரே கம்பஸ் ஒருத்தியை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுகிறது. அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவளை உள்ளே போனபடியே திருப்பி அனுப்பிவிடுகிறது.

வீட்டுக்கு வெளியே

இது இந்த நாட்டில் நூறு வருடப் பழைய விவாதம். இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் முன்நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்ற சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது. கொழும்பிலேயே இருக்கட்டும் என்றது ஒரு தரப்பு. மலைநாட்டில் கட்டுவோம், மாணவர் ஒன்றாகத் தங்கிப் படிக்கட்டும் என்றது மறு தரப்பு. கடைசியில் வென்றது விடுதிக் கட்சி. 1942இல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஒரு விடுதிக்கு அருணாசலத்தின் பெயர், இன்னொன்றுக்கு அவருடைய தமையன் இராமநாதனின் பெயர். கொழும்பில் எஞ்சியது வளர்ந்து, 1978இல் இன்றைய கொழும்புப் பல்கலைக்கழகமானது.

அன்று தோற்ற தரப்பின் வாழ்க்கையைத்தான் இன்று வெள்ளவத்தைப் பிள்ளைகளில் பலர் வாழ்கிறார்கள். பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் போய், கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஒரு பிள்ளையை எடுங்கள். தும்முல்லைச் சந்தி வீட்டிலிருந்து சிறிய பஸ் பயணம். மத்தியானச் சாப்பாடு அம்மா கட்டிய பார்சல். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி, தோய்த்து மடித்த உடுப்பு. பாடம் கடினமாகிவிட்டது, உண்மை. மற்றப்படி அவளுக்கு அது பதினான்காம் வகுப்பு.

அதே பீடத்துக்கு ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து இன்னொருத்தி வருகிறாள். பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கிய ஐந்து வீதத்துக்குள்ளே வந்திருக்கலாம். அதைச் சொல்லிச் சிரிக்கும் பட்ச்காரரும் இருக்கிறார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் கிடந்த காலத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அவளுக்கு விடுதி கிடைக்காத வருடத்தில் போர்டிங் தேட வேண்டும், முன்பணம் பேச வேண்டும், "ஏழு மணிக்குப் பிறகு கேற் பூட்டுவம்" என்னும் வீட்டுக்கார மாமியோடு சமாளிக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் தானே ஆஸ்பத்திரிக்குப் போய், தானே வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாம் வருடம் முடியும்போது அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பெறக்கூடிய ஆள். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு அப்போதும் வங்கிப் படிவம் நிரப்ப அப்பா வேண்டும்.

பிள்ளைகளில் குறை காண இதைச் சொல்லவில்லை. கொழும்புக் கம்பஸ் ஹட்டன் பிள்ளைக்குக் கொடுத்ததை, வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் பேராதனையோ, கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையோ, யாழ்ப்பாணமோ கொடுத்திருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும்போது எங்கள் பக்கத்துப் பெற்றோர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தே எழுதுகிறார்கள். ஒரே பாடநெறி பல இடங்களில் இருக்கும்போது அந்த வரிசையை ஒருமுறை தலைகீழாகவும் எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

இந்த அளவுகோலில் தனியார் கம்பஸ் மிகப் பின்னால்தான் நிற்கிறது. இராமகிருஷ்ண வீதி வெள்ளவத்தைக்காரருக்கு நடை தூரம். மாலபேக்குக் கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறினால் நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அந்த அலைச்சல் களைப்பைத் தரும், வேறொன்றும் தராது. மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்து தனியாரில் சேரும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் ஹட்டன் பிள்ளையின் பக்கம்.

வேலையோடு படிப்பவன் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே அவனுடைய இடம் மாறிவிடும். சம்பளச் சீட்டில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டுப்பட்டதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்ட பையனிடம், ஆறு மாதம் கழித்து அப்பா தங்கச்சியின் ரியூசன் காசைப் பற்றி ஆலோசனை கேட்பார். இருபது வயதில் இந்த மரியாதையைக் கம்பஸ் எதுவும் வாங்கித் தராது.

மொழி

அரச கம்பஸில் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே கொழும்பு, மொரட்டுவை, ஜயவர்தனபுர, களனி எல்லாமே சிங்களத்தில்தான் ஓடும். கண்டீனில், விளையாட்டு மைதானத்தில், மாணவர் ஒன்றியக் கூட்டத்தில் சிங்களம் தெரியாதவன் ஓரத்தில்தான் நிற்பான். இரண்டு வழி உண்டு: கற்றுக்கொண்டு உள்ளே போவது, அல்லது தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் மேசையோடு நான்கு வருடத்தையும் முடித்துக்கொள்வது. இரண்டாவது வழிதான் அதிகம் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மொரட்டுவைக்கு வரும் பிள்ளைகளிலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். கட்டுபெத்தையில் சிங்கள வீடொன்றில் அறை எடுத்தவன் ஒரு வருடத்தில் சிங்களத்தில் சண்டை பிடிக்கிறான். வெள்ளவத்தையில் தங்கி காலி வீதியால் பஸ்ஸில் போய் வருகிறவன் தோசைக் கடை, கோயில், தமிழ்ச் சங்க நூலகம் என்று சுகமாக இருந்துவிட்டுப் போகிறான்.

பக்கத்தில் இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று சிங்கள மாணவர் ஏராளம். 2016 யூலையில் அங்கே புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பில் முடிந்தது. ஒன்றாகத் தங்குவது பழக்கத்தைத்தான் தரும். ஒன்றாக ஒரு வேலையைச் செய்து முடிக்கும்போதுதான் நட்பு வரும். ஆய்வுகூடக் குழு, கிரிக்கெட் அணி, பரீட்சைக்கு முதல் இரவு ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி, இவைதான் அந்த வேலையைச் செய்கின்றன.

தனியாரில் ஆங்கிலப் பேச்சு வெட்கம் போய்விடும். முதல் பருவத்திலேயே எழுந்து நின்று முன்வைப்புச் செய்ய வேண்டும், குழுவாக வேலை சமர்ப்பிக்க வேண்டும். அரச கம்பஸில் முதல் வகுப்பு எடுத்தும் நேர்முகப் பரீட்சையில் நிலத்தைப் பார்த்துப் பேசும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தனியாரில் அது அரிது. வீட்டில் ஆங்கிலமே புழங்காத பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. சர்வதேசப் பாடசாலையில் படித்து வந்த பிள்ளைக்கோ இதில் புதிதாக ஒன்றுமில்லை.

சிங்களம் வேகமாக வருவது வேலைத்தலத்தில். கணக்காய்வுக்கு என்று குருநாகலுக்கோ மாத்தறைக்கோ அனுப்பினால், அங்கே களஞ்சியப் பொறுப்பாளரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

பகிடிவதை

இதில் நடுநிலை வேண்டியதில்லை. 1997இல் பேராதனையில் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அப்படியும் அது ஒழிந்துவிடவில்லை. "பகிடி இருந்தால்தான் பட்ச் ஒற்றுமை வரும், சீனியர் உதவுவார்" என்று படித்து முடித்தவர்களே சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ் சீனியர்களே பிடித்து வதைக்கிறார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பயந்து ஒதுங்கிய பிள்ளைகளில் சிலர் அந்த முதல் ஆறு மாதத்தில் இழந்த தைரியத்தைப் பட்டமளிப்பு வரை மீட்பதில்லை. இந்த ஒரு விடயத்தில் தனியாரும் வேலையோடு படிப்பதும் அரச கம்பஸை விட எவ்வளவோ மேல்.

காசு

அரச கம்பஸில் கட்டணம் இல்லை. தகுதி உள்ளவருக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைக்கும். மாதம் சில ஆயிரம் ரூபாதான் என்றாலும், அப்பாவிடம் கையேந்தாமல் செலவழிக்கும் முதல் காசு அது. அதைவிடப் பெரியது, தவறிவிடுவதற்கான சுதந்திரம். ஒரு பாடத்தில் கோட்டை விட்டு, நாடகம் போட்டு, விவாத அணியோடு ஊர் ஊராகத் திரிந்து, திரும்ப வந்து பரீட்சை எழுதலாம். தனியாரில் ஒவ்வொரு பருவமும் பெற்றோரின் நகையோ காணியோ கண்முன் நிற்கும். 2017இலிருந்து அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் சிலருக்குக் கைகொடுக்கிறது, அதுவும் கடன்தான். இந்தப் பாரம் சில பிள்ளைகளைப் பொறுப்பாக்கும். மற்றவர்களைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிடும்: பிடிக்காத பாடநெறி என்று முதல் வருடத்திலேயே தெரிந்தும், "இவ்வளவு கட்டியாச்சு" என்று வாய் திறக்காமல் முடிப்பார்கள்.

நேரம்

சுருக்கமாகச் சொல்லலாம். அரச கம்பஸில் போராட்டம், பகிஷ்கரிப்பு, பெருந்தொற்று, பொருளாதார நெருக்கடி என்று நான்கு வருடப் பட்டம் ஐந்தரை வருடமான கதைகள் உண்டு. 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்ற மாணவருக்கு அந்த மாதங்கள் வீண் என்று சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் காத்திருந்தவர்களுக்கு அது வீண்தான். தனியார் சொன்ன திகதிக்கு முடிக்கும். வேலையோடு படிப்பவனுக்கு நேரமே இல்லை. அவன் இழப்பது நண்பர்களை: சனி, ஞாயிறு நாவலையில் வகுப்பு, கிழமை நாளில் அலுவலகம், கூட இருப்பவர்கள் அவனைவிடப் பத்து வயது மூத்தவர்கள். முதிர்ச்சி சீக்கிரம் வந்துவிடுகிறது, கொஞ்சம் அதிகமாகவே.

யாருக்கு எது

அம்மாவின் கைக்குள் வளர்ந்த கொழும்புப் பிள்ளைக்கு, தூரத்து அரச கம்பஸ். இடம் கிடைக்காவிட்டால், தனியாருக்கு முன் ஒரு வருட வேலை. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்காது என்றால் தனியார். வசதி இருந்தால் மட்டும், கடன்பட்டு அல்ல. சிறு வயதிலிருந்தே வீட்டுப் பாரம் சுமந்த பிள்ளைக்கு வேலையோடு படிப்பைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நான் செய்யமாட்டேன். பாரம் சுமக்க அதற்கு ஏற்கெனவே தெரியும். நான்கு வருடம் அதை இறக்கி வைக்கும் இடம்தான் வேண்டும். அரச கம்பஸ் இடம் கிடைத்தால், குடும்பம் எப்படியாவது அதைப் போகவிட வேண்டும்.

இன்னொன்று. பெறுபேறு வந்து அரச கம்பஸில் முதல் விரிவுரை தொடங்கும் வரை பல மாதங்கள் போய்விடும். தனியார் நிலையங்களோ பெறுபேறு வந்த கிழமையே அழைப்பெடுக்கும், சலுகை முடியப் போகிறது என்று அவசரப்படுத்தும். "சும்மா இருக்காமல் சேர்ந்து வை" என்று முதல் தவணை கட்டிவிட்டு, பிறகு பேராதனையிலிருந்து கடிதம் வந்தும் அந்தக் காசை விட மனமில்லாமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தெரியும். ஆகவே காசு கட்ட முதல், அரச அனுமதி வந்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எந்தத் திகதி வரை தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சில் தந்த வாக்கை அடுத்த மாதம் அந்த மேசையில் இருப்பவர் ஏற்கமாட்டார்.