ராஜசாரஸ் வரைய பாளையங்கோட்டையில் தாள் வாங்கலாமா?

டைனோசர், யாளி என்று கண்ணால் பார்க்க முடியாததை வரைகிற ஆட்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சார்ட் பேப்பரே போதும், எந்தக் கடைக்கும் போகலாம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் உள்ள இந்த ஸ்டேஷனரி கடையை வெளியே நின்று பார்த்தால் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும்தான் தெரியும், சரக்கு எல்லாம் உள்ளே கடைசி அலமாரியில். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, வாட்டர்கலருக்கான காட்டன் தாளை ஒற்றை ஷீட்டாகவே தருகிறார்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாள், கேட்டால் நாலாக வெட்டியும் தருவார்கள். முழு பேடு வாங்கினால் கையைக் கடிக்கும் என்பவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

தாள் எப்படி? ராஜசாரஸை வைத்தே சொல்கிறேன். குஜராத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 2003-இல் பெயர் சூட்டினார்கள், நெற்றியில் குட்டைக் கொம்பு உள்ள நம் நாட்டு வேட்டை டைனோசர். இதன் தோல் கிடைக்கவில்லை, ஆனால் உறவுக்காரனான அர்ஜென்டினாவின் கார்னோடாரஸுக்குத் தோல் தடம் கிடைத்திருக்கிறது, அதில் இருப்பது செதில், இறகு இல்லை. அத்தனை செதிலையும் பேனாவால் போட்டால் கை போய்விடும். இந்தத் தாளில் முக்கால்வாசி காய்ந்த பிரஷ்ஷைப் படுக்கவைத்து இழுங்கள், சொரசொரப்பின் மேட்டில் மட்டும் பெயிண்ட் ஒட்டி, பள்ளம் வெள்ளையாக நின்று, தோல் தானாக வந்துவிடும்.

அப்புறம் நிறம். சீனாவில் கிடைத்த சின்ன டைனோசரான சைனோசராப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததை 2010-இல் நிறமித் துகள்களை வைத்தே சொல்லிவிட்டார்கள். ராஜசாரஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நாம்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்ட நிறத்தை ஈரப் பிரஷ்ஷால் தேய்த்து ஒற்றி எடுத்தாலும் காட்டன் தாள் தாங்குகிறது. அங்கேயே பாதி விலைக்கு இருக்கும் மரக்கூழ் தாள் இரண்டாவது தேய்ப்பிலேயே திரி திரியாக உரிகிறது.

பென்சிலும் நன்றாகவே ஏறுகிறது. நெல்லையப்பர் கோயில் ஊஞ்சல் மண்டபத்து யாளியை உயிருள்ள மிருகமாக வரைந்து பார்த்தேன். தும்பிக்கை வேண்டுமென்றால் யானை மண்டை ஓட்டில் இருப்பதுபோல முகத்தின் நடுவில் பெரிய மூக்குத் துளை வேண்டும், சிங்க மூக்கின் நுனியில் தும்பிக்கையைத் தொங்கவிட்டால் தசை எங்கே பிடிக்கும்? இதற்காக அழித்து அழித்து வரைந்தும் தாள் நொந்துபோகவில்லை.

குறையும் உண்டு. வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற கறுப்புப் பேனா, மேலே தண்ணீர் பட்டதும் கண்மை மாதிரி கலைந்தது, மாற்றித் தரவும் இல்லை. பர்ன்ட் அம்பர் என்ற பழுப்புப் பெயிண்ட் எப்போதும் “அடுத்த வாரம்”தான். தாள்களைச் சுருட்டி நிறுத்தி வைப்பதால் ஓரம் மடங்கியிருக்கும், மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளியும் விழும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். அண்ணாச்சி பார்க்க விடுவார், “ஓணான் படத்துக்கா தம்பி இம்புட்டு துட்டு செலவழிக்கிய?” என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தாளுக்குத் தாராளமாகப் போகலாம். பேனாவை மட்டும் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள்.