ஈயக்குண்டு, கடல் மணல், வழிகாட்டி: தங்கம் தேடப் பழகுவதற்கு எது நல்ல வழி?

மெல்போர்னில் மகனோ மகளோ குடியிருக்கும் பெற்றோர் வடசென்னையில் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். விசிட்டர் விசாவில் போனால் சில மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்புகிறோம். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் பல்லாரட்டும் பெண்டிகோவும் வந்துவிடும். 1851இல் உலகமே ஓடி வந்து தங்கம் தோண்டிய மண் அது. விக்டோரியா மாநிலத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்தில் மெட்டல் டிடெக்டரும் கைக்கருவிகளும் வைத்துத் தங்கம் தேடலாம். கிடைத்தது கிடைத்தவருக்கே சொந்தம். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கருவியை எடுக்கவே கூடாது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். இந்த ஆசையில் இறங்கியபின் ஒன்றைக் கண்டேன். ஒரே வகைக் கருவியை வைத்துக்கொண்டு ஒரே ஓடைக்கரையில் நடக்கும் இரண்டு பேரில் ஒருவர் மாலைக்குள் குன்றிமணி அளவில் இரண்டு துணுக்கு எடுத்துவிடுகிறார். மற்றவர் ஆணியும் தகரமுமாகத் திரும்புகிறார். வித்தியாசம் காதிலும் கையிலும் இருக்கிறது. அந்தக் காதையும் கையையும் எங்கே, எப்படிப் பழக்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. வீட்டிலிருந்தே காணொளி பார்த்துக் கற்கலாம். கடற்கரையில் பழகலாம். கொல்லையில் ஒரு பாத்தி போட்டு ஈயத்தைப் புதைத்துத் தேடலாம். விக்டோரியாவின் தங்க வயலுக்கே போய் ஒரு வழிகாட்டியின் பின்னால் நடக்கலாம். நான்கையும் பார்த்தவன் என்ற முறையில் எது எதற்குத் தேறும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன் சட்டம். இங்கே பழகலாம், இங்கே தங்கம் தேடக் கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கனிமம் தேடுவதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். பழைய கோயில், கோட்டை பக்கம் கருவியோடு போவதை நினைத்தும் பார்க்காதீர்கள். ‘கோலாருக்குப் போனால் என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வெளியே மலையாய்க் குவிந்திருக்கும் சயனைடு மண்ணில் எஞ்சியிருப்பது கண்ணுக்கே தெரியாத பொடி. டிடெக்டருக்கு அது கேட்காது. ஆகவே இங்கே நாம் புதைத்ததை நாமே எடுக்கிறோம், அவ்வளவுதான்.

காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொத்தான் எதற்கு, காயிலை (கருவியின் நுனியில் மண்ணை நோக்கி இருக்கும் தட்டு) எப்படிப் பிடிப்பது, பழைய சுரங்க வரைபடத்தை எப்படிப் படிப்பது என்பவற்றுக்கு அவை போதும். காதுக்கு அவை உதவாது. சிறு தங்கத்தின் ஓசை மிக மெல்லியது. செல்பேசி ஒலிப்பதிவில் அது அமுங்கிப்போகும். நமக்குக் கேட்பதெல்லாம் பெரிய, தெளிவான ஓசைகள் மட்டுமே. அவற்றைக் கேட்டுப் பழகியவர் வயலிலும் அப்படிப்பட்ட ஓசைக்காகவே காத்திருப்பார். கிராமுக்குக் குறைந்த துணுக்குகளை மிதித்துக்கொண்டே போய்விடுவார்.

கடற்கரை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதற்கு வடக்கே கடல் மண்ணை அரித்துக்கொண்டே போகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் வழியெல்லாம் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இடையிடையே மிஞ்சியிருக்கும் மணல் திட்டுகளில்தான் பழக முடியும். என்னுடைய கருவி ஃபிஷர் கோல்ட் பக் 2. 71 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது; சிறு தங்கத்துக்கென்றே செய்தது; மண்ணில் உள்ள தாதுக்களின் ஓசை அடங்கும்படி கையால் சமன்செய்ய வேண்டியது. உப்பு ஊறிய ஈரமணல் மின்சாரத்தைக் கடத்தும். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை அலை தொடும் இடத்தில் நீட்டினால் ஓயாமல் கத்தும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. ஆகவே கோல்ட் பக் போன்ற கருவி வைத்திருப்பவர்கள் மேலே காய்ந்த மணலிலேயே நிற்க வேண்டும். காய்ந்த மணலோ நேர்மாறாக அமைதியானது. அங்கே எல்லாம் எளிதாகக் கேட்டுவிடுகிறது. காயில் வழுக்கிக்கொண்டு போகிறது. கல்லில்லை, புல் தட்டையில்லை, வேரில்லை. விக்டோரியாவில் முதல் அரைமணி நேரத்திலேயே இந்தச் சொகுசு கலைந்துவிடும்.

கடற்கரை ஒன்றை மட்டும் மிக நன்றாகக் கற்றுத்தருகிறது: ஓசை வந்த பொருளை மண்ணிலிருந்து பிரித்து எடுப்பது. பிளாஸ்டிக் கரண்டியில் மணலை அள்ளிக் காயிலின் மேல் நீட்டிப் பார்க்க வேண்டும். ஓசை வந்தால் கரண்டியில் இருப்பதில் பாதியைக் கொட்டிவிட்டு மீண்டும் நீட்ட வேண்டும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக் கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணலும் அதற்குள் அந்தப் பொருளும் மிஞ்சும். வயலில் பலர் ஓசையைச் சரியாகக் கேட்டுவிட்டுப் பொருளை மண்ணோடு மண்ணாகத் தவறவிடுவது இந்த இடத்தில்தான். தூண்டில் முள், பாட்டில் மூடி, கம்பித் துண்டு என்று பொறுக்கப் பொறுக்கக் கை வேகம் கூடுகிறது. பொறுக்கியதைத் திரும்பப் போடாமல் பையில் போட்டு வந்தால் வெறுங்காலோடு நடக்கும் மீனவர்களுக்கும் நல்லது.

ஒன்று சொல்ல வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “என்ன சார், மோதிரம் விழுந்துவிட்டதா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவந்து கூடத் தேட ஆரம்பித்துவிட்டார். “தேடவில்லை அண்ணே, பழகுகிறேன். நான் புதைத்ததை நானே எடுக்கிறேன்” என்று ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். அது அவர்கள் ஊர், அவர்கள் மணல். பெரியவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை. துறைமுகம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். காவல் உள்ள இடங்கள் அவை.

இனி ஈயப் பாத்தி. வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியில் இதற்கு நிகராக வேறொன்றை நான் பார்க்கவில்லை. சிறு தங்கத் துணுக்குகள் கருவியில் எழுப்பும் ஓசையும் சிறு ஈயத் துண்டுகள் எழுப்பும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் உலகெங்கும் தங்கம் தேடுவோர் ஈயத்தை வைத்துப் பழகுகிறார்கள். காசிமேட்டுக்காரர்களுக்கு ஈயத்துக்குப் பஞ்சமில்லை. வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டும் ஈயக்குண்டுகள் கடையில் கிடைக்கும். கத்தியால் நறுக்கி, நகைத் தராசில் நிறுத்து, கால் கிராம், அரை கிராம், ஒரு கிராம், மூன்று கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சிலவற்றைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். தங்கம் உருண்டையாக மட்டும் கிடைப்பதில்லை. ஈயம் நஞ்சு. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், உருக்க வேண்டாம், சிறு குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

மண் விஷயத்தில் சிக்கனம் கூடாது. வெறும் மணலில் புதைத்தால் கடற்கரைக் கதைதான். செங்குன்றம் பக்கத்து நர்சரிகளில் செம்மண் மூட்டையாகக் கிடைக்கிறது. அதில் இரும்புச் சத்து உண்டு, கருவி கொஞ்சமாவது திணறும். அதனோடு செங்கல் துண்டுகளையும் அடுப்புக்கரியையும் கலந்துவிடுங்கள். சூளையில் வெந்த செங்கல்லில் உள்ள இரும்பு காந்தத் தன்மை பெற்றுவிடும். தங்க வயலில் ஏமாற்றும் இரும்புக் கற்களைப் போலவே அது ஓசை எழுப்பும். மொட்டைமாடியில் தொட்டி வைப்பவர்கள் தளத்துக்குள் கம்பி இருப்பதை மறக்கக் கூடாது. தொட்டியை நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும். கொல்லையில் மண்தரை உள்ள பழைய வீடு என்றால் பாக்கியம்.

புதைப்பவர் நாமாக இருக்கவே கூடாது. எனக்கு அண்ணன் மகள் புதைத்துத் தருவாள். எந்த இடத்தில் எது என்று நோட்டில் படம் போட்டு வைத்துக்கொள்வாள். நான் ஓசை கேட்ட இடத்தில் ஐஸ் குச்சி நட்டு, ஈயமா, ஆணியா, செங்கல்லா, ஒன்றுமில்லையா என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. தோண்டி மூடிய குழியே கருவிக்குத் தனியாகக் கேட்கும். மண்ணின் கட்டு குலைந்திருப்பதால் அங்கே ஓசை லேசாக மாறும். ஆகவே புதைக்காத இடங்களிலும் சில குழிகளைத் தோண்டி மூடிவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈயத்தைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு குழியைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

பாத்தியில் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தட்டையாக்கிய அரை கிராம் ஈயத்தைப் படுக்கையாக வைத்தபோது தெளிவாகக் கேட்டது. அதே துண்டை அதே ஆழத்தில் செங்குத்தாக நிறுத்திவைத்தபோது, தம்புராச் சுருதியைப் போல ஓடிக்கொண்டிருக்கும் அடியோசையில் ஒரு சின்னத் தடுமாற்றம் மட்டுமே வந்தது. காயிலை மெதுவாக, மண்ணை ஒட்டி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி ஆட்டினால்தான் அதுவும் வரும். தடுமாற்றம் வந்ததும் குறுக்காக நின்று இன்னொரு முறை ஆட்ட வேண்டும். ஈயம் என்றால் இரு திசையிலும் ஒரே புள்ளியில் கேட்கும். செங்கல்லோ அகலமாக, கூர்மையில்லாமல் பரவும். மேல்மண்ணை ஒரு விரற்கடை சுரண்டிவிட்டு மறுபடி கேட்டால் இன்னும் தெளிவு: பொருள் இருந்தால் ஓசை உரக்கும்; மண்ணின் மாயம் என்றால் மங்கும் அல்லது நகரும். இந்தச் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் கையில் ஏறிவிட்டால் மற்றவை தானாக வரும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை மின்சாரம். மோட்டார், இன்வெர்ட்டர், தலைக்கு மேலே ஒயர் என்று எல்லாமே கருவிக்குள் புகுந்து சத்தமிடும். இதையும் பாடமாக்கிக்கொள்ளலாம். காயிலை அசைக்காமல் பிடித்திருக்கும்போதும் ஓசை வந்தால் அது மின்சாரம். அசைக்கும்போது மட்டும் வந்தால் மண்ணில் ஏதோ இருக்கிறது.

பாத்தி தர முடியாததும் உண்டு. எங்கே நடக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. விக்டோரியாவின் இரும்புக் கல் கலந்த மண் மூட்டைச் செம்மண்ணைவிடப் பல மடங்கு கடுமையானது. அங்கேதான் வழிகாட்டி வருகிறார்.

வழிகாட்டிகளிலும் வகை உண்டு. கருவி விற்கும் கடைக்காரர்கள் வாங்குவோருக்குப் பயிற்சி தருவதுண்டு. பொத்தான்களைப் புரிந்துகொள்ள அது போதும், பெரும்பாலும் அதற்கு மேல் போகாது. தங்கம் தேடுவோர் சங்கங்களில் சேர்ந்தால் பழகிய கைகளோடு வெளியே போகலாம், செலவு குறைவு. ஆனால் அவரவர் தம் வேட்டையில் இருப்பார்கள், கேட்டால்தான் சொல்லித்தருவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு நாள் முழுதும் ஒருவரோடோ இருவரோடோ நடக்கும் வழிகாட்டிதான் செலவு அதிகம், பலனும் அதிகம்.

அப்படி ஒருவரோடு நடந்த நாளில் நான் பெற்றது இது. பழைய தோண்டுகுழிகளின் ஓரம், பாறை மேலாக இருக்கும் ஓடைத் தலைப்பு, முன்னோர் வாரிக் கொட்டிய மண்மேடு என்று எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டினார். தன் கருவியில் ஓர் ஓசை கிடைத்ததும் தோண்டவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கருவியில் கேட்கச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மண் சமனைத் திருத்தி, வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அப்போது அந்தச் சின்னத் தடுமாற்றம் வந்தது. பாத்தியில் செங்குத்தாக நின்ற ஈயத்தில் கேட்ட அதே ஓசை. தோண்டினால் பழைய துப்பாக்கிக் குண்டு, ஈயம்! அந்த வயல்களில் குண்டுகளும் ரவைகளும் எங்கும் கிடக்கின்றன. ஓசையை வைத்து ஈயத்தையும் தங்கத்தையும் பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் தோண்டியே ஆக வேண்டும். பாத்தியில் பழகாமல் போயிருந்தால் அவர் சொன்னதில் பாதி என் காதில் ஏறியிருக்காது; அவரோடு போகாமல் இருந்திருந்தால் அந்த மண்ணைக் கருவியின் கோளாறு என்றே நினைத்திருப்பேன்.

பயிற்சியே வேண்டாம், நல்ல கருவி வாங்கினால் போதும் என்பவர்கள் 1980இல் விக்டோரியாவின் கிங்கோவரில் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட 27 கிலோ கட்டியைக் காட்டுவார்கள். அந்தக் கட்டி எந்தக் கருவிக்கும் கேட்டிருக்கும். துடிப்பு அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் ஜிபிஎக்ஸ் 6000 போன்ற கருவிகள் கடுமையான மண்ணிலும் ஆழமாகக் கேட்கும் என்பது உண்மை. விலை பல ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். நம் தெருவின் மின்சாரத்தில் அதை வைத்துப் பழகுவதும் பெரும்பாடு. அந்தப் பணத்தில் சிறு பகுதியை இரண்டாவது வழிகாட்டி நாளுக்குக் கொடுப்பதே மேல் என்பது என் முடிவு.

போகிறவர்கள் வழிகாட்டி நாளைப் பயணத்தின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், கற்றதைச் செய்துபார்க்க மீதி நாட்கள் இருக்கும். பாத்தியில் பழகிய அதே கருவியை எடுத்துச் செல்லுங்கள். பதிவு செய்யும்போதே, ‘தோண்டாத ஓசைகளை எனக்குக் கேட்கத் தருவீர்களா’ என்று கேளுங்கள். தயங்குகிறவர் என்றால் வேறொருவரைப் பாருங்கள்.