நுரையீரல் தமனி அழுத்தத்துக்கு எக்கோ: இடது கீழறையைப் பற்றி எவ்வளவு சொல்லும்?

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியவரின் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டில் 'எல்.வி. நார்மல், இ.எஃப். 60%', அதாவது இடது கீழறை இயல்பு, என்ற வரியைப் பார்த்ததும், நோய் வலது பக்கத்தோடு நின்றுவிட்டது என்று பலர் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். எக்கோ ஏமாற்றுவது அங்கேதான்.

இ.எஃப். என்பது நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற வெறும் விகிதம். 100 மி.லி. நிரம்பும் இடது கீழறை 60% தள்ளினால் 60 மி.லி. வெளியேறும். நுரையீரலைத் தாண்டி வரும் ரத்தம் குறைந்து, 60 மி.லி. மட்டுமே நிரம்பினால், அதே 60% என்பது 36 மி.லி. நிமிடத்துக்கு 80 துடிப்பென்றால் 4.8 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 2.9 லிட்டர்தான் போகும். ஆகவே ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவைத் தனியாக எழுதித் தரும் எக்கோவே உருப்படியானது. அதிலும், அந்த அளவைக் கணக்கிட எடுக்கும், மகாதமனி வால்வுக்குக் கீழுள்ள விட்டத்தை 2 செ.மீ.க்குப் பதில் 1.8 என்று அளந்தால், விடை 19% குறைந்துவிடும்.

இந்தப் பரிசோதனையின் பலம் இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரைக் காட்டுவதில் இருக்கிறது. அழுத்தத்தோடு மல்லுக்கட்டும் வலது கீழறை, இடதைவிடத் தாமதமாகச் சுருங்கி முடிக்கிறது. இடது தளர்ந்து நிரம்பத் தொடங்கும் நேரத்தில் சுவர் அதற்குள் தள்ளப்படுகிறது; வட்டமாக இருக்க வேண்டிய அறை 'டி' வடிவமாகிறது. சுவருக்கு இணையான விட்டத்தை, குறுக்கு விட்டத்தால் வகுத்தால் 1.1க்கு மேல் வரும். ஆனால் குறுக்குவெட்டு சாய்வாக எடுக்கப்பட்டால் நல்ல இதயமும் நீள்வட்டமாகத் தெரியும்.

இடது கீழறையின் ஆரம்ப நிரம்பல் பறிபோவதால் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' (தளர்ந்து நிரம்புவதில் லேசான கோளாறு) என்றும் அச்சாகும். அதை உடனே இடது இதய நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடது மேலறை சிறிதாகவோ இயல்பாகவோ இருந்தால் காரணம் பெரும்பாலும் வலப்பக்கத் தள்ளல்தான்; பெரிதாகியிருந்தால் இடது இதயத்தையே சந்தேகிக்க வேண்டும்.

அழுத்த எண்ணுக்கு மதிப்பெண் குறைவு. மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை வர்க்கப்படுத்தி 4ஆல் பெருக்குகிறார்கள். வேகம் நொடிக்கு 3.4 மீட்டர் என்றால் 46 மி.மீ. பாதரசம். அல்ட்ராசவுண்ட் கதிர் ரத்தம் பாயும் திசையிலிருந்து 30 டிகிரி விலகினால் வேகம் 2.94 ஆகப் பதிவாகி, 35க்கு இறங்கிவிடும். அதன்மேல் வலது மேலறை அழுத்தத்தையும் ஊகித்துத்தான் கூட்டுகிறார்கள்.

உறுதிப்படுத்த வலது இதய கதீட்டர் (ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பது) தேவை: சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 20க்கு மேல், வெட்ஜ் அழுத்தம் (இடது மேலறை அழுத்தத்தைக் காட்டும் அளவு) 15 அல்லது அதற்குக் கீழ், நுரையீரல் ரத்தநாளத் தடை 2 வுட் யூனிட்டுக்கு (அந்தத் தடையின் அலகு) மேல். வெட்ஜ் அழுத்தத்தை எக்கோ நேரடியாக அளக்காது.

நடக்கும்போது நெஞ்சுவலி வந்தால் இன்னொன்றும் கேட்கலாம். வீங்கிய நுரையீரல் தமனி, இடது முதன்மை இதயத்தமனியை நசுக்கி, இடது கீழறைத் தசைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடும். சாதாரண எக்கோவை நம்பி இதை விலக்க முடியாது, சி.டி. ஆஞ்சியோ வேண்டும்.