முந்திப் போடும் அப்பீலா, தீர்ப்புக்குப் பின் அப்பீலா?

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்தும் கைதி முந்தி அப்பீல் போட்டால் எல்லாம் வீண் என்பதில்லை. நீதிமன்றம் முடிவை அறிவித்து, தீர்ப்பு அதன் பதிவேட்டில் பதிவாகும் முன் கொடுத்த அப்பீல் அறிவிப்பை ஃபெடரல் அப்பீல் நடைமுறை விதி 4(ஏ)(2) காப்பாற்றும். பதிவான நாளில் தாக்கலானதாகக் கொள்ளும். ஆனால் அறிவித்த முடிவு, உடனே தீர்ப்பாகப் பதிவானால் அப்பீல் செய்யத்தக்க முடிவாக இருக்க வேண்டும். 1991-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை இது.

சறுக்கல் பெரும்பாலும் மாஜிஸ்திரேட் நீதிபதி, வழக்கை முடிவு செய்யும் மாவட்ட நீதிபதிக்கு எழுதும் பரிந்துரை அறிக்கையில்தான். 'தள்ளுபடி' என்ற சொல்லைக் கண்டதும் பதறி அப்பீல் அனுப்பிவிடுகிறார்கள். அது தீர்ப்பே அல்ல. 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டிய தாள். அப்பீல் அதிகாரவரம்பு இல்லையென்று தள்ளுபடியாகும். அதற்கான கட்டணமோ சிறைக் கணக்கில் தவணையாகப் பிடிபடக்கூடும். எழுத்தறிவு குறைந்தவருக்கு இது கொடுமை.

காத்திருந்தால் காலக்கெடு தவறிவிடுமோ என்பதே பயம்: தீர்ப்பு பதிவானதிலிருந்து 30 நாள், அமெரிக்க அரசு ஒரு தரப்பென்றால் 60. கடைசி நாளுக்குள் சிறை அஞ்சலில் ஒப்படைத்தாலே போதும், நீதிமன்றத்துக்குப் பிந்திச் சேர்ந்தாலும் செல்லும். ஒப்படைத்த தேதியையும் தபால் கட்டணம் செலுத்தியதையும் சொல்லும் உறுதிமொழியை இணையுங்கள்.

என் கருத்தில் காத்திருப்பதே மேல். ஏற்கெனவே முந்திவிட்டவர், தீர்ப்பு பதிவானதும் புதிய அறிவிப்பு ஒன்றையும் அனுப்பட்டும்.