பழைய காருக்குத் தனியாகச் செய்த எக்ஸாஸ்ட்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

1960களில் வந்த ஒன்றரை லிட்டர் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர். ஒரிஜினல் சைலன்சர் கிடைப்பது நின்று ரொம்ப நாளாகிறது. மாற்றாகக் கிடைப்பவை சீக்கிரமே துருப்பிடித்து ஓட்டையாகிவிடுகின்றன. அதனால் சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே தொடங்கி வால் குழாய் வரை முழுவதையும் எஸ்.எஸ்.ஸில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) புதிதாக வடிவமைத்துச் செய்துகொண்டேன். போட்ட வாரத்தில் எந்த எக்ஸாஸ்ட்டும் அருமையாகத்தான் தெரியும். சில வருடம் ஓட்டிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது பவர் ஏறியதா என்றுதான். உச்ச வேகத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது இழுவை கூடியது மட்டும் நன்றாகத் தெரிகிறது. பழைய குழாய் ஒன்றரை அங்குலம், இது ஒன்றே முக்கால். இரண்டு அங்குலத்துக்கு மேல் போடச் சொன்னவர்கள் உண்டு. இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு அது வேண்டாம். குழாய் பெரிதானால் புகையின் வேகம் குறையும், ஒரு சிலிண்டரின் வெளியேற்றம் அடுத்ததை இழுத்துக் காலி செய்யும் விளைவும் பலவீனமாகும். குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இருக்கும் கொஞ்ச இழுவையும் போய்விடும். விட்டத்தைவிட வளைவுகள்தான் முக்கியம். அழுத்தி வளைத்த குழாய் திருப்பத்தில் நசுங்கி, உள்ளே பாதை குறுகிவிடும். உள்ளே தாங்குதண்டு வைத்து வளைக்கும் மேண்ட்ரல் பெண்டில் விட்டம் கடைசி வரை மாறாது.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை அப்படியே விட்டுவிட்டேன். இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். எக்ஸாஸ்ட் சூடுதான் காலையில் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் ஆவியாக உதவுகிறது. ஹெடர் (சிலிண்டருக்குத் தனித்தனிக் குழாய் உள்ள மாற்று மேனிஃபோல்ட்) போட்டு அந்தச் சூட்டை இழந்தால், எஞ்சின் சூடாகும் வரை திணறும்.

உலோகம் 304 ரகம். 18% குரோமியம், 8% நிக்கல். 409 மலிவு, ஆனால் குரோமியம் 11% அளவுதான், மேற்பரப்பு பழுப்பேறிவிடும். எந்த ரகமானாலும் டிக் (TIG) வெல்டிங் செய்யும்போது, காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயு குழாயின் உள்ளேயும் ஓட வேண்டும். இல்லையென்றால் உள்பக்கத் தையல் கருகி, சர்க்கரை பொரிந்தது போலச் சொரசொரப்பாகிவிடும். பின்னாளில் விரிசல் விடுவது அங்கேதான். “வெளியே வெல்டு பளபளப்பைப் பார்க்காதீங்க சார், டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க” என்று வெல்டரே சொன்னார். பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இன்றுவரை ஒரு தையலும் விடவில்லை.

இந்த வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம், குழாயைத் தொங்கவிடும் விதம். 304 சூட்டில் சாதாரண இரும்பைவிட அதிகம் நீளும். மூன்று மீட்டர் குழாய் சராசரியாக 300 டிகிரி ஏறினால் சுமார் 15 மி.மீ. நீளும். முன்பக்கம் எஞ்சினோடு பிடித்திருப்பதால் அந்த நீளம் முழுவதும் பின்னால்தான் போகும். ஆகவே ரப்பர் ஹேங்கர்களைக் குளிர்ந்த நிலையில் சற்று முன்பக்கம் சாய்த்து மாட்டினோம்; சூடானதும் நேராக வந்து நிற்கின்றன. எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டில் ஆடுவதால் மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் டவுன் பைப்புக்குக் கீழே வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் துண்டு ஒன்று. பின் அச்சுக்கு மேலே போகும் வளைவை, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையிலும் தொங்கிய நிலையிலும் வைத்து இடைவெளி பார்த்த பிறகுதான் இறுதி வெல்டு. எல்லா ஹேங்கரும் சேஸிஸில் முன்பே இருந்த துளைகளில்தான் நிற்கின்றன. பழைய வண்டியில் புதுத் துளை போட எனக்கு மனம் வராது.

அப்புறம் அந்த ‘ம்ம்ம்’ சத்தம். சரியாக 2400 ஆர்பிஎம்மில் காருக்குள் காதை அடைக்கும் முழக்கம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பற்றவைப்பு, ஆக 2400இல் விநாடிக்கு 80 அதிர்வு. அந்த ஒரு அலைவரிசையை மட்டும் அடக்க, அதன் அலை நீளத்தில் கால் பங்குள்ள, முனை மூடிய பக்கக் குழாய் போட்டால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வேண்டும். அடியில் அதற்கு இடமில்லை. அதனால் சுமார் நான்கு லிட்டர் மூடிய டப்பா ஒன்றை, ஓர் அங்குலக் கழுத்து வழியாக நடுக்குழாயில் சேர்த்தோம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர் என்பது இதுதான். முதலில் கிளாம்பில் மாட்டி, கழுத்தின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டு வெல்டு வைத்தோம். முழக்கம் போயே போய்விட்டது. எஞ்சின் சூடாகும் வரை மட்டும் லேசாகக் கேட்கும்; குளிர்ந்த புகையில் ஒலியின் வேகம் குறைவு, டப்பாவின் சுருதி அப்போது கீழே இறங்கிவிடுகிறது.

எக்ஸாஸ்ட் மாற்றியதும் கார்புரேட்டரையும் பார்த்தே ஆக வேண்டும். பிளக்குகள் வெளுத்து வந்தன, கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினோம், பிளக் இளம்பழுப்புக்கு வந்துவிட்டது.

வால் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே வந்தே தீர வேண்டும். பழைய காரின் டிக்கி ரப்பர் எப்போதும் சந்தேகத்துக்குரியது. அதன் வழியே புகை உள்ளே வரலாம்; அதிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. அழகுக்காக உள்ளே இழுத்து வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போதைய நிலை: குழாய் முன்பக்கம் பொன்னிறமாகியிருக்கிறது, துரு இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும். குறைந்த தூரம் ஓட்டினால் அதில் ஒரு பங்கு சைலன்சரிலேயே தங்கும். அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்த 3 மி.மீ. துளை வழியே அது இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்ட் ஸ்டட்களில் பித்தளை நட் போட்டதால் கழற்றும்போது எதுவும் இறுகிப்போகவில்லை. ஹேங்கர் ரப்பர்களை ஒரு முறை மாற்றினேன். சத்தம்தான் மெல்ல மெல்லக் கூடியது. சத்தத்தை உறிஞ்சச் சைலன்சருக்குள் அடைத்திருந்த கண்ணாடி இழை கரைந்துபோயிருந்தது. பின்பகுதி ஃபிளாஞ்சில் (போல்ட் போட்ட விளிம்பு இணைப்பு) கழன்று வருவதாலும், சைலன்சரின் மூடியை போல்ட் போட்டு அமைத்ததாலும் எதையும் வெட்டாமல் புது இழை அடைக்க முடிந்தது. சைலன்சரின் நடுவில் ஓடும் துளைக்குழாயை ஒட்டிய இழைதான் முதலில் பறக்கிறது. அடுத்த முறை குழாய் மேல் மெல்லிய எஸ்.எஸ். கம்பி இழை (ஸ்டீல் வுல்) ஓர் அடுக்கு சுற்றிவிட்டு, அதன் மேல் கண்ணாடி இழையை வைக்கப் போகிறேன்.