பி.ஏ. டூ பிளஸ்: சி.எஃப்.ஏ. படிப்பவரின் முதல் செலவு

சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டுத் துறைக்கான தகுதிப் படிப்பு. அதன் தேர்வு அறைக்குள் இரண்டே வகைக் கால்குலேட்டரைத்தான் விடுவார்கள். ஒன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.ஏ. டூ பிளஸ், இன்னொன்று ஹெச்.பி. 12சி. இரண்டாவது 1981-இல் வந்த பழம்பெருமைக்காரர். எண்களை எல்லாம் தட்டிவிட்டுக் கூட்டல் குறியைக் கடைசியில் தட்ட வேண்டும். அதில் ஊறியவர்கள் வேறெதையும் தொடமாட்டார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு என் ஓட்டு பி.ஏ. டூ பிளஸுக்கு. முதல் லெவலை இதை வைத்துத்தான் முடித்தேன், இப்போது இரண்டாவதற்கும் இதுதான்.

ரிச்சி தெருவில் கேட்டபோது கடைக்காரர், "எதுக்கு சார் இவ்ளோ விலையில? கேசியோ எடுத்துக்குங்க, சயின்டிஃபிக் எல்லாம் இருக்கு" என்றார். நியாயமான கேள்விதான். பார்க்கப் பலசரக்குக் கடைக் கால்குலேட்டரைவிட ஒன்றும் பெரிதாக இல்லை. ஒற்றை வரித் திரை, பின்விளக்கு கிடையாது.

பலர் இதைத் தேர்வு நெருங்கும்போதுதான் வாங்குகிறார்கள். அதுவரை எக்செல், அல்லது ஃபோனில் இதே உருவத்தில் ஒரு செயலி. என்னைக் கேட்டால் புத்தகம் வாங்குவதற்கு முன்பே இதை வாங்கிவிட வேண்டும். முதல் லெவலில் 180 கேள்விகள், இரண்டே கால் மணி நேரமாக இரண்டு அமர்வுகள். கேள்விக்குத் தொண்ணூறு விநாடி. கேள்வியைப் படிக்கவே பாதி போய்விடும். மிச்ச நேரத்தில் எந்தப் பட்டன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

பழகப் பாடப்புத்தகக் கணக்கு மட்டும் போதாது, வீட்டுக் கணக்கை எடுங்கள். நான் எடுத்தது அம்மாவின் பழைய நகைச்சீட்டு அட்டை. மாதம் 5,000 வீதம் 11 மாதம் கட்டினால் 12-ஆவது தவணையைக் கடையே போட்டு 60,000-க்கு நகை தரும். இதற்கு வட்டி என்ன?

முதலில் பழசை அழிக்க வேண்டும்: செகண்ட் (பட்டனின் மேலே எழுதியிருக்கும் இரண்டாவது வேலையைச் செய்யவைப்பது), எஃப்.வி. (கடைசியில் வரும் தொகை). பிறகு 11 தட்டி 'என்' பட்டன் (தவணைகளின் எண்ணிக்கை). 5,000 தட்டி, பிளஸ்-மைனஸ் பட்டனை அழுத்தி, பி.எம்.டி. (ஒரு தவணையின் தொகை). கையைவிட்டுப் போகிற பணம் என்பதால் மைனஸ். 60,000 தட்டி எஃப்.வி., அது கைக்கு வருவதால் பிளஸ். இரண்டுக்கும் ஒரே குறி கொடுத்துவிட்டு வட்டியைக் கேட்டால் 'எர்ரர் 5' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பணம் போகும் திசையைப் புத்தகம் பல பக்கங்களில் விளக்குகிறது. இந்த எர்ரர் 5-ஐ நாலு தடவை பார்த்தால் தானாகப் புரிந்துவிடும்.

இங்கே இன்னொரு விஷயம். சீட்டுப் பணத்தை மாதத் தொடக்கத்தில் கட்டுகிறோம், கடைசித் தவணைக்கு ஒரு மாதம் கழித்துத்தான் நகை. அதனால் செகண்ட் பி.எம்.டி., செகண்ட் என்டர், செகண்ட் சி.பி.டி. என்று தட்டி தொடக்க முறைக்கு மாற்ற வேண்டும். திரையின் மேல் பி.ஜி.என். என்று பொடி எழுத்து தெரியும். இப்போது சி.பி.டி. (கணக்கிடு), ஐ பை ஒய் (வட்டி விகிதம்): மாதத்துக்கு 1.44 சதவீதம். மாற்ற மறந்திருந்தால் 1.73 என்று வந்திருக்கும். மாத வட்டியை ஆண்டுக்கு மாற்ற ஐகான்வ் என்று ஒரு பகுதி உண்டு. மாத வட்டியை 12-ஆல் பெருக்கி அதில் போட்டால் கிட்டத்தட்ட 18.8 சதவீதம்.

அம்மாவிடம் சொன்னேன். "அவ்ளோ வட்டியாடா குடுத்தான்? செய்கூலி, சேதாரம்னு மொத்தத்தையும் திருப்பி வாங்கிட்டானே" என்றார். அந்தக் கணக்கு எந்தப் பட்டனிலும் இல்லை.

கவனம்: பழசை அழித்தாலும் பி.ஜி.என். போகாது. அடுத்த கணக்குக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். பி பை ஒய் (வருஷத்துக்கு எத்தனை தவணை) என்ற அமைப்பும் அதே ரகம். பழைய கருவி ஏதாவது கைக்கு வந்தால் அது 12-இல் இருக்கலாம். என் படிப்புக் கூட்டாளியின் கருவி அப்படித்தான் இருந்தது. 10 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருஷம்; மாத வட்டி 0.75 என்று சரியாகத்தான் போட்டார். கருவி அதை மறுபடி 12-ஆல் வகுத்து, 8,997 வரவேண்டிய தவணையை 4,488 என்று காட்டியது. வங்கியில் இப்படிக் கொடுத்தால் சந்தோஷம்தான். தேர்வில் வரும் தவறான விடைகள் பெரும்பாலும் இந்த மாதிரி வழக்கமான பிசகுகளில் பிறந்தவை. நம் பிசகான விடை மூன்று விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது சந்தேகமே வராது.

அதனால் பட்டனைத் தொடும் முன் மனசில் ஒரு உத்தேசம் போடுங்கள். 9 சதவீதத்தில் பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம்? 72-ஐ 9-ஆல் வகுத்தால் எட்டு. கருவி 8.04 என்கிறது. கருவி 80 என்று சொன்னால் கையை எடுத்துவிட்டுக் கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வாங்கும்போது தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம்தான் காட்டும். செகண்ட் ஃபார்மேட் போய் 9 ஆக்குங்கள். அதைவிட மோசம், 3 + 2 × 4 என்று தட்டினால் 20 என்கிறது. தட்டிய வரிசையிலேயே கணக்குப் போடும் 'செயின்' முறையில் வருவதால் இப்படி. பெருக்கலை முதலில் செய்யும் ஏ.ஓ.எஸ். முறைக்கு மாற்றினால் 11 வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பிடித்துவிடும் இந்த வித்தியாசத்தை ஏன் இப்படி விட்டுவைத்தார்களோ.

இதே கருவியின் விலை கூடிய புரொஃபஷனல் வகை அவசியமா? அதில் பேபேக் காலம் (போட்ட முதல் திரும்ப வர ஆகும் காலம்), திருத்திய ஐ.ஆர்.ஆர். (முதலீடு தரும் வருமான விகிதம்) எல்லாம் ஒரே தட்டில் வரும். முதல் லெவலுக்குச் சாதாரண வகையே தாராளம். மிச்சக் காசை மாதிரித் தேர்வுகளுக்கு வையுங்கள்.

வாங்கிய உற்சாகத்தில் பட்டன் வித்தைகளிலேயே மூழ்கிவிடாதீர்கள். முதல் லெவலில் 15 முதல் 20 சதவீதம் எத்திக்ஸ் என்ற தொழில் நெறிமுறைப் பாடம், அதற்கு இந்தக் கருவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சி.எஃப்.ஏ. நிறுவனம் 300 மணி நேரமாவது படிக்கச் சொல்கிறது. அதில் கருவிக்கென்று தனியாக ஒரு வாரம் வேண்டாம், தினமும் பத்து நிமிஷம் போதும். ஸ்டோ பட்டனில் இடைவிடைகளைச் சேமிப்பதை மட்டும் கட்டாயம் பழகுங்கள். தாளில் எழுதி மறுபடி தட்டுவதில்தான் நேரமும் போகும், பிழையும் வரும்.

பேட்டரியை மாற்றினால் எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடும். தேர்வுக்கு முந்தின ராத்திரி அந்த வேலை வேண்டாம். ஒரு மாதம் முன்பே புதுசு போட்டு, ஒன்பது இலக்கத்தையும் ஏ.ஓ.எஸ்.ஸையும் திரும்ப அமைத்து, அதே கருவியிலேயே மாதிரித் தேர்வுகளை எழுதுங்கள்.