கிம்பலா, மோனோபாடா?

கல்யாண வீடியோ எடுக்க வருகிறவர்கள் முதலில் எதை வாங்குவது என்று குழம்புவது இந்த இரண்டில்தான். கிம்பல் என்பது கேமரா ஆடாமல் மோட்டாரால் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, மோனோபாட் என்பது கேமராவைத் தாங்கும் ஒற்றைக் கால் ஸ்டாண்டு.

ஆட்டம்: கிம்பலில் மூன்று அச்சுக்கும் மோட்டார் இருப்பதால் நடந்துகொண்டே எடுக்கலாம், ஆனால் காலடியில் வரும் மேல்-கீழ் குலுக்கல் முழுசாகப் போகாது, முழங்காலை லேசாக மடக்கி நடக்கப் பழகத்தான் வேண்டும். மோனோபாட் நின்ற இடத்துக்கு மட்டும்.

ஃபோகஸ்: பெரிய வித்தியாசமே இங்கேதான். கிம்பலில் லென்ஸ் வளையத்தைத் தொட்டாலே ஃபிரேம் ஆடும், அதனால் பெரும்பாலும் ஆட்டோஃபோகஸை நம்பியே ஓட்ட வேண்டும். அட்சதை போட யாராவது குறுக்கே கை நீட்டினால் ஃபோகஸ் அந்தக் கைக்குத் தாவிவிடும், அது திரும்பி வருவதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்திருக்கும். மோனோபாடில் இடது கை வளையத்திலேயே இருக்கும். தாலி கட்டும் விரல்களில் ஃபோகஸை வைத்துவிட்டு நிம்மதியாக நிற்கலாம்.

வசதி: லென்ஸ் மாற்றினால் கிம்பலை மறுபடி பேலன்ஸ் செய்யணும், சார்ஜும் பார்த்துக்கொள்ளணும். மோனோபாடுக்கு இரண்டும் கிடையாது, விலையும் குறைவு.

மண்டபத்துக்குள்ளேயே வேலை என்றால் மோனோபாட் வாங்குங்கள். மாப்பிள்ளை அழைப்பு, வெளிப்புறப் பாட்டு என்று நடந்து எடுப்பது அதிகம் என்றால் கிம்பல் சரி. அப்புறம் அதில் வைட் லென்ஸ் (அகலமாகக் காட்டும் லென்ஸ்) போட்டு, லென்ஸ் திறப்பின் எண்ணை எஃப் 4-க்கு மேல் வைத்தால் ஃபோகஸ் கொஞ்சம் தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது.